எட்டு மாத அரிப்பு: பூச்சி இன்னும் இருக்கிறதா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவர் உங்களுக்கு ஸ்கேபிஸ், அதாவது பூச்சியால் வரும் சிரங்கு, என்று சொல்லி அந்தப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் க்ரீம் கொடுத்தார். அரிப்பு கொஞ்சம் அடங்கியது, பிறகு திரும்பியது. அதன்பின் நீங்களாகவே அதே க்ரீமை ஏழு தடவை பூசியிருக்கிறீர்கள். சர்க்கரையையும் மாவுப் பொருள்களையும் விட்டு ஒன்பது கிலோ இளைத்திருக்கிறீர்கள். படுக்கை விரிப்பைத் தினமும் கொதிநீரில் துவைக்கிறீர்கள், வினிகர் கலந்து குளிக்கிறீர்கள், இரவில் மூன்று மணி நேரம் தூங்கினாலே பெரிது. எந்த உணவு, எந்தச் சுத்தம், எந்த மன அமைதிப் பயிற்சி இந்தப் பூச்சியை விரட்டும் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் எழுதாத ஒன்றும் இருக்கிறது: எனக்கு நிஜமாகவே பூச்சி இருக்கிறதா, இல்லை மூளைதான் பிசகிவிட்டதா? தங்கையின் குழந்தையைப் பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தோல் நோய் பார்ப்பவன். உங்கள் தோலை நான் பார்க்கவில்லை. அதனால் இருக்கிறது என்றோ இல்லை என்றோ இங்கிருந்து தீர்ப்புச் சொன்னால் அது பொய். ஆனால் பூச்சிக்கும் பைத்தியத்துக்கும் நடுவில் பெரிய இடம் இருக்கிறது. உங்கள் நிலையில் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நடு இடத்தில்தான் நிற்கிறார்கள். பூச்சி செத்துப்போயிருக்கும், அரிப்பு மட்டும் உயிரோடு இருக்கும்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிரங்கு தரும் மைட் என்ற நுண்ணிய பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் வளை தோண்டிக்கொண்டு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும், இரண்டு வாரத்துக்குள் அது வளர்ந்துவிடும். உடம்பு முழுவதும் சொறிந்து புண்ணானவரிடம்கூடச் சராசரியாகப் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். எதிர்ப்புசக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு வரும் தடித்த பொருக்குச் சிரங்கு இதற்கு விதிவிலக்கு, அதில் ஆயிரம் லட்சம் என்று கணக்கே வேறு. பத்துப் பூச்சி எப்படி உடம்பு முழுக்க அரிக்க வைக்கும்? பூச்சி கடிப்பதால் வரும் அரிப்பு அல்ல இது. பூச்சி, அதன் முட்டை, அதன் கழிவு ஆகியவற்றுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதற்கும், முன்பே வந்தவருக்கு ஓரிரு நாளில் தொடங்குவதற்கும் காரணம் அதுதான்.

உங்கள் எட்டு மாதத்தைப் புரிந்துகொள்ளச் சாவியும் அங்கேதான் இருக்கிறது. க்ரீம் பூச்சியைக் கொன்றுவிடும், ஆனால் செத்த பூச்சியின் மிச்சம் தோலுக்குள்ளேயே கிடக்கும். மேலடுக்கு தானாக உதிர்ந்து புதிது வரும்வரை ஒவ்வாமை ஓயாது. சரியான சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பது வழக்கம். அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் வரும் கட்டியான தடிப்புகள் மாதக்கணக்கிலும் நிற்கும். இதை மருந்துச் சீட்டு எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிடப் பேச்சு அது. சொல்லாததால் பலர் பத்தாம் நாள் பயந்துபோய் மறுபடி பூசுகிறார்கள். பெர்மெத்ரின் தோலை உலர்த்தும், எரிச்சல் தரும். அந்த எரிச்சலே புது அரிப்பாகும், புது அரிப்பைப் பார்த்து இன்னொரு டியூப் வாங்குவார்கள். ஏழு தடவை பூசிய உங்கள் தோலில் இப்போது இருப்பது பெரும்பாலும் மருந்தும் கொதிநீரும் வினிகரும் சேர்ந்து உண்டாக்கிய கரப்பான், அதாவது எக்ஸிமா என்னும் தோல் அழற்சி, என்பது என் ஊகம். ஊகம் என்ற சொல்லை அழுத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் சிகிச்சை தோற்றுப்போவதும் நடக்கிற காரியம்தான். நான் காணும் தோல்விகளில் பாதிக்கு மேல் பூசிய முறையில் இருக்கிறது. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரல் இடுக்கு, நகத்தின் அடி, தொப்புள், பிட்ட இடுக்கு எல்லாம் பூசி எட்டு முதல் பதினான்கு மணி நேரம் விட வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் திரும்பப் பூச வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஏழாம் நாள் இன்னொரு தடவை. வீட்டில் இருக்கும் எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே நாளில் பூச வேண்டும். ஏழு தடவையும் நீங்கள் மட்டும் தனியாகப் பூசியிருந்தால், நோய் உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் இடையே பந்துபோல் போய் வந்துகொண்டிருக்கலாம். ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. எடைக்குக் கணக்கிட்டு ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில் இரண்டு வேளை கொடுப்போம். முட்டையை அது கொல்லாது என்பதால்தான் இரண்டாம் வேளை. பெர்மெத்ரின் முன்போல் வேலை செய்வதில்லை என்று அண்மை ஆண்டுகளில் பல மருத்துவர்கள் எழுதுகிறார்கள். பூச்சிக்கு எதிர்ப்புசக்தி வந்துவிட்டதா, பூசுவதில் குறையா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நடுத்தர வயது அம்மா மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். மூவரும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லியிருந்தார்கள். விரல் இடுக்கும் மணிக்கட்டும் சுத்தமாக இருந்தன. நானும் நான்காவது ஆளாகத் தூக்க மாத்திரை எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கணவரோடு வந்தார், அவரும் சொறிந்துகொண்டே உட்கார்ந்தார். அந்த அம்மாவின் பாதத்தின் உள்ஓரத்தில், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்தேன். ஒரே ஒரு வளை, அதன் முனையில் சின்ன முக்கோணமாகப் பூச்சி. அன்றிலிருந்து மனப் பிரமை என்று யோசிக்கும் முன் நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன்.

இந்தப் பூச்சியைத் தேடும் விஷயத்தில் மருத்துவ உலகமே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 1687இலேயே இத்தாலியில் பொனோமோ என்பவர் மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்து வரைந்துவிட்டார். ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டு யாரும் முழுதாக நம்பவில்லை. 1812இல் பாரிஸில் காலே என்பவர் கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்டியது பாலாடைக்கட்டியில் வாழும் வேறொரு மைட் என்று பிறகு தெரியவந்தது. கடைசியில் 1834இல் ரெனுச்சி என்ற கோர்சிகா தீவு மாணவர் பூச்சியை ஊசிமுனையில் எடுத்துக் காட்டினார். அவர் ஊரில் பெண்கள் அப்படி எடுப்பதைப் பார்த்துக் கற்றது அது. மற்றவர்கள் கொப்புளத்திலும் சொறிந்த புண்ணிலும் தேடினார்கள், பூச்சியோ வளையின் கோடியில் இருந்தது. நீங்கள் பூதக்கண்ணாடியோடு அரிக்கிற இடத்தில் தினமும் ஒரு மணி நேரம் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கிடைப்பது பொருக்கு, துணி நார், முடித்துண்டு, உதிர்ந்த தோல். இவை நீங்கள் கற்பனை செய்தவை அல்ல, ஆனால் பூச்சியும் அல்ல. 2012இல் வெளியான அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு ஒன்று, தோலிலிருந்து நார் வருகிறது என்று சொன்னவர்களின் நார்களைச் சோதித்தது. அவற்றில் பெரும்பாலானவை பருத்தி. தொற்று எதுவும் அகப்படவில்லை. அந்த மனிதர்களின் அவதி பொய் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

அப்படித் தோலிலிருந்து எடுத்து டப்பாவில் சேர்த்து வைத்திருப்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் ஒரு தடவை கொண்டு போங்கள். நல்ல மருத்துவர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து உங்களையும் பார்க்கச் சொல்வார். ஒரு தடவை போதும். முகத்தில் இருக்கும் டெமோடெக்ஸ் என்ற மைட்டைப் பற்றிப் படித்துவிட்டு அலறியிருந்தீர்கள். வயது வந்த ஏறக்குறைய எல்லோர் முகத்திலும் அது குடியிருக்கிறது, என் முகத்திலும்தான். மிக அதிகமாகப் பெருகினால் இமை அழற்சியிலும் முகச் சிவப்பிலும் அதற்குப் பங்கு உண்டு, அதற்கு மருந்தும் இருக்கிறது. கையும் காலும் இரவில் அரிப்பதற்கு அது காரணமில்லை. நாய், பூனையிடமிருந்து ஒட்டும் சிரங்குப்பூச்சி நம் தோலில் இனம் பெருக்காது. விலங்குக்கு வைத்தியம் பார்த்தால் நமக்கும் அடங்கிவிடும். மூட்டைப்பூச்சி உடம்பில் தங்குவதே இல்லை, கடித்துவிட்டுக் கட்டில் இடுக்குக்குப் போய்விடும்.

தோலுக்கு மேலே ஒன்றும் தெரியாமல் ஊர்வது போலவும் குத்துவது போலவும் இருக்கும் உணர்வுக்குத் தனிப் பட்டியலே உண்டு. பி12 குறைவு, இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு, சர்க்கரை நோய், சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாவது, மாதவிடாய் நிற்கும் காலம், சில மாத்திரைகள், போதைப் பொருள்கள், குடியைத் திடீரென்று நிறுத்துவது. ஒரு ரத்தப் பரிசோதனையில் இதில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும். எட்டு மாத அரிப்புக்கு அந்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால் க்ரீமை வைத்துவிட்டு முதலில் அதை எடுங்கள். ஒன்பது கிலோ இளைத்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாகக் குறைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனாலும் நீண்ட அரிப்போடு எடை இறங்குவது, இரவில் உடை நனைய வியர்ப்பது, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது இவை சேர்ந்தால் நிணநீர் மண்டலத்தையும் பார்க்க வேண்டும்.

இப்போது உணவு. சர்க்கரையை விட்டால் பூச்சி பட்டினியால் சாகும் என்ற எண்ணம் எங்கும் பரவிக் கிடக்கிறது. பூச்சி தோலைத் தின்கிறது, உங்கள் தட்டிலிருந்து தின்பதில்லை. எந்த உணவையும் சேர்த்தோ விட்டோ சிரங்குப்பூச்சியைப் போக்க முடியாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒட்டுண்ணியை வெளியேற்றும் பொடி, சொட்டு மருந்து என்று விற்பவையும் அப்படியே. அவற்றில் சில மூலிகைக் கலவைகள் கல்லீரலைக் கெடுத்ததும் உண்டு. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுவது தீக்காயம் போல் கொப்புளிக்க வைக்கும். உணவால் ஆகக்கூடியது வேறு. கிழிந்த தோல் மறுபடி வளரப் புரதம் வேண்டும், இரும்பும் பி12ம் வேண்டும். நீங்கள் விட்ட உணவுகளில் இவையும் போயிருக்கலாம். மதுவும் மிகக் காரமானதும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் சிலருக்கு ரத்தக் குழாயை விரித்து அரிப்பைத் தூண்டும். உங்களுக்கு அப்படியென்றால் மாலையில் மட்டும் தவிருங்கள். மீன் எண்ணெய், நல்ல நுண்ணுயிர் மாத்திரை போன்றவை அரிப்பைத் தணிக்கும் என்பது நிரூபணமாகாத பேச்சு. மற்றபடி பழையபடி வயிறாரச் சாப்பிடுங்கள்.

சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அதில்தான் உங்கள் நாள் முழுவதும் போகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர் ஒரு சோதனை செய்தார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் தாமாக முன்வந்து, சிரங்கு பிடித்தவர்கள் பயன்படுத்திய போர்வையில் தூங்கினார்கள், அவர்கள் கழற்றிய உள்ளாடையைப் போட்டுக்கொண்டார்கள். நோய் தொற்றியது மிகச் சிலருக்குத்தான். தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருப்பதே முக்கிய வழி என்று தெரிந்தது. உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. ஆகவே சிகிச்சை செய்யும் அன்று, முந்தைய மூன்று நாளில் பயன்படுத்திய துணி, விரிப்பு, துண்டு ஆகியவற்றை ஐம்பது டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் போதும். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். சோபாவுக்கும் மெத்தைக்கும் ஒருமுறை வேக்குவம் கிளீனர். இவ்வளவுதான். தினமும் துவைப்பதும் சுவரைத் துடைப்பதும் பூச்சிமருந்து அடிப்பதும் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே, மண்ணெண்ணெய், ப்ளீச் இவற்றைத் தோலில் தடவ வேண்டாம். விலங்குக்கு விற்கும் ஐவர்மெக்டினைத் தொடவே வேண்டாம். அளவு மீறினால் வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும்.

குளியலை மாற்றினாலே சிலருக்குப் பாதி அரிப்பு போகிறது. வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்குள், சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்குக் கீழும் மட்டும். நார் வைத்துத் தேய்க்க வேண்டாம். வினிகரை நிறுத்துங்கள். கரப்பான் உள்ளவர்களிடம் செய்த சிறு சோதனையில் அது பலன் தரவில்லை, எரிச்சல்தான் தந்தது. ஒற்றித் துடைத்து ஈரம் காயுமுன் வாசனையில்லாத கெட்டியான மாய்ஸ்சரைசரை முழு உடம்புக்கும் பூசுங்கள், நாளுக்கு இரண்டு தடவை. அரிப்புக்கென்று ஸ்டீராய்டு க்ரீம் வேண்டியிருக்கலாம். ஆனால் மருத்துவர் பார்த்து, பூச்சி இல்லை என்று சொன்ன பிறகுதான். பூச்சி இருக்கும்போது ஸ்டீராய்டு பூசினால் நோயின் அடையாளம் மறைந்துபோகும், பூச்சி பெருகும்.

மன அழுத்தம் என்று சொன்னாலே, எல்லாம் மனசுதான் என்கிறார்களே என்று கோபம் வருவதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கோபம். அழுத்தம் பூச்சியை உண்டாக்காது, பூச்சியைக் கொல்லவும் செய்யாது. ஆனால் அரிப்பின் சத்தத்தை மூளை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மாற்றும். அரிப்பைப் பற்றிய பொதுச் சொற்பொழிவு ஒன்றில் பேன், பூச்சிப் படங்களைக் காட்டியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சொறிந்ததை ஜெர்மன் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிரங்கு நோயாளியைப் பார்த்த நாளில் இன்றும் எனக்கு மணிக்கட்டு நமநமக்கும், இருபத்திரண்டு வருடமாகியும்கூட. இதை எழுதும்போதும் இரண்டு முறை சொறிந்துவிட்டேன், நீங்களும் சொறிந்திருப்பீர்கள்.

எனவே நான் சொல்லித் தரும் பயிற்சி அரிப்பை நிறுத்த அல்ல, சொறிவதைத் தள்ளிப்போட. கை தோலுக்குப் போகும் கணத்தில் முஷ்டியை இறுக்கி முப்பது வரை எண்ணுங்கள். பிறகும் அரித்தால் உள்ளங்கையால் அழுத்துங்கள், அல்லது ஈரத்துணியால் ஒற்றுங்கள். பழக்கத்தை மாற்றும் இந்த முறைக்குக் கரப்பான் நோயாளிகளிடம் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. தியானம், மூச்சுப் பயிற்சி இவற்றுக்குச் சான்று குறைவு, தீங்கு இல்லை, தூக்கம் வருமானால் செய்யுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள். இரவில் தோல் சூடேறுவதும் அழற்சியை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் இறங்குவதும் சேர்ந்து எல்லா அரிப்பையும் கூட்டும், பூச்சி இரவில் விழித்துக்கொள்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூதக்கண்ணாடியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தோலைப் பார்க்க நாளைக்கு ஐந்து நிமிடம், அதுவும் பகலில்.

சிலருக்கு இதெல்லாம் செய்தும், சோதனைகள் எல்லாம் சரியென்று வந்தும், பூச்சி இருக்கிறது என்ற உறுதி கொஞ்சமும் அசையாது. ஸ்வீடன் நரம்பியலாளர் எக்போம் 1938இல் விவரமாக எழுதிய நிலை அது. குறைந்த அளவு மனநல மருந்துகள் அதில் நன்றாகவே வேலை செய்கின்றன. அந்த மாத்திரை சாப்பிட்டு அரிப்பு போனவர்களில் பலர், பூச்சி இருந்ததா இல்லையா என்ற பேச்சையே பிறகு எடுப்பதில்லை. நீங்கள் அந்த வகையா? எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் எனக்குப் பூச்சி இல்லாமலும் இருக்கலாமோ என்று நீங்களே கேட்கிறீர்கள். அந்த நோயில் அந்தக் கேள்வி எளிதில் எழாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் டெர்மாஸ்கோப் வைத்திருக்கும் தோல் மருத்துவர் ஒருவரிடம் போய், எட்டு மாதக் கதையை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். எத்தனை தடவை எதைப் பூசினேன், வீட்டில் யார் பூசவில்லை என்பது உட்பட. வளையோ பூச்சியோ கண்ணில் பட்டால் வீடு முழுவதும் ஒரே நாளில் முறையாக ஒரு சுற்று. இல்லையென்றால் ஆறு வாரத்துக்கு எந்தப் பூச்சி மருந்தும் இல்லை, மாய்ஸ்சரைசரும் மருத்துவர் சொல்லும் க்ரீமும் மட்டும். அந்த ஆறு வாரத்தில் அரிப்பு ஒரே சீராகக் குறையாது, நான்கு நல்ல நாளுக்கு நடுவில் ஒரு கெட்ட இரவு வரும். அந்த இரவில் டியூபைத் தேடிப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம், டியூபை இன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

தங்கையின் குழந்தையைத் தூக்கி ஐந்து மாதமாகிறது, தூக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிரங்கு நிச்சயமாக இருப்பவரையே முறையான முதல் சிகிச்சைக்கு மறுநாள் பள்ளிக்கும் வேலைக்கும் அனுப்புகிறோம். மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். பூச்சி இல்லை என்று அவர் சொன்னால் அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குங்கள். பூச்சி இருந்தால் முழு உடம்புக்கும் பூசிக் குளித்துவிட்டு மறுநாள் போங்கள்.